உளிப்பெட்டி எங்கள் அணிக்கே சொந்தம்

நடுவர் அவர்களுக்கும், எதிரணியினருக்கும், என் அணித் தோழர்களுக்கும், நவராத்திரி மேடைக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் திருகோணமலைச் சனத்துக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவி டீச்சர் பேசி முடித்தபோது விழுந்த கைதட்டலைக் கேட்டீர்கள். "போருக்குப் போய் வந்த மனிதனை மீட்டெடுப்பது குடும்பமே" என்று அவர் அடித்துச் சொன்னதும், முன்வரிசை அம்மாமார் எல்லாரும் ஒருசேரத் திரும்பித் தங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். "கேட்டியளோ?" என்கிற பார்வை. இப்படி ஒரு சபையில் எழும்பி, "இல்லை, கைத்தொழிலே" என்று சொல்லப் போகிறவனுக்கு இன்றிரவு வீட்டில் சோறு கிடைக்குமா என்று எங்கள் அணித் தலைவர் கவலைப்படுகிறார். கவலை வேண்டாம் அண்ணன். எங்கள் வீட்டில் சமைக்கிறது நான்தான்.

ஆனால் டீச்சர் ஒரு காரியம் செய்துவிட்டார். உதாரணத்துக்கு ஆள் தேடித் தூரதேசம் போகாமல், பாலையூற்றில் இருந்த ஓடாவியார் ஒருவரைக் கொண்டுவந்து இந்த மேடையில் நிறுத்தினார். உலகப்போரில் பீரங்கிப் படையில் இருந்தவர், திரும்பி வந்து தச்சுப் பட்டறை போட்டவர், ஐந்து பிள்ளைகளை ஆளாக்கியவர். "அந்த மனிதர் பெண்சாதியின் கையால் சோறு தின்ற பிறகுதான் மனிதரானார். பிள்ளைகளின் முகத்துக்காகத்தான் உளியைத் தொட்டார். தொழில் தந்தது கூலி, குடும்பம் தந்தது உயிர்." இதுதான் டீச்சரின் வாதம். நல்ல வாதம். அதில் ஒரேயொரு சிக்கல். அந்த ஓடாவியார் என் அம்மாவைப் பெற்றவர். என் அம்மப்பா. நடுவர் அவர்களே, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் அம்மப்பாவை எதிரணியில் கொண்டுபோய் இருத்துவது எந்த ஊர் நியாயம்? அவரைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறேன்.

முதலில், அவர் எதிலிருந்து மீள வேண்டியிருந்தது? டீச்சர் அதைப் "போர்க் கொடுமை" என்று சொல்லிவிட்டுக் கடந்து போனார். நோய் என்னவென்று சொல்லாமல் மருந்தைப் பற்றிப் பேசினால் எப்படி?

அம்மப்பாவின் தகப்பனும் ஓடாவிதான். மகனுக்கு மாதச் சம்பளம் வரட்டும் என்று அந்தக் கிழவர்தான் பெடியனைச் சிலோன் கரிசன் ஆர்ட்டிலரிக்கு அனுப்பினார். 1888இல் தொண்டர் பீரங்கிப் படையாகத் தொடங்கிய பிரிவு அது. துறைமுகங்களைக் காப்பது வேலை. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும், பிரிட்டிஷ்காரரின் கிழக்குக் கடற்படைக்கு எங்கள் துறைமுகம் முக்கியமாகிப் போனது. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தது. 9ஆம் திகதி காலை எங்கள் முறை. விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து எழும்பிய நூற்றுக்கு மேற்பட்ட ஜப்பான் விமானங்கள் துறைமுகத்துக்கும் சீனக்குடா விமானத் தளத்துக்கும் மேலே வந்தன. துறைமுகத்துக்குள் சகாயிங் என்ற சரக்குக் கப்பல் பற்றி எரிந்தது. எண்ணெய்க் குதம் ஒன்று நாள்கணக்கில் எரிந்தது. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கி 300க்கு மேற்பட்ட உயிர்களோடு மூழ்கியது. ஊர்ச்சனம் மூட்டை முடிச்சோடு காட்டுப் பக்கம் ஓடியது.

அம்மப்பா நின்றது ஆறு அங்குலக் கடற்கரைப் பீரங்கியடியில். அந்த வகைப் பீரங்கியை நீங்கள் இன்றும் ஹூட்ஸ் டவர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதில் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். அது கப்பலைச் சுடுவதற்குச் செய்தது. வாய் கடலைப் பார்த்தபடிதான் நிற்கும். வானத்தில் வருகிறதை அதால் ஒன்றும் செய்ய ஏலாது. பழகின பழக்கம் முழுக்கக் கையில் இருக்கு, குண்டு பக்கத்தில் அடுக்கியிருக்கு, எதிரி தலைக்கு மேலே இருக்கிறான், செய்வதற்கு மட்டும் ஒன்றுமில்லை. "சண்டை எப்படி அம்மப்பா?" என்று நாங்கள் சின்னப் பிள்ளைகள் சுற்றி இருந்து கேட்டால், அவர் வாயில் வந்த பதில் ஒன்றுதான். "சும்மா கிடந்தன் மோனே."

நடுவர் அவர்களே, என் வாதம் முழுக்க இந்த ஒரு பதிலில் நிற்கிறது. அவரை உடைத்தது குண்டு அல்ல. குண்டு விழும்போது கையால் எதுவுமே செய்ய முடியாமல் கிடந்ததுதான். காயம் பட்ட இடம் கை. அப்படியென்றால் மருந்தும் கை வழியாகத்தான் போக வேண்டும்.

அன்று எரிந்த சகாயிங் கப்பல் அடுத்த ஆண்டு எங்கள் துறைமுகத்துக்குள்ளேயே தாழ்ந்து போனது. அதை இலங்கைக் கடற்படை மேலே தூக்கியது எப்போது தெரியுமா? 2018இல். அதுவரைக்கும் அந்தத் தண்ணீருக்கு மேலே எத்தனை தோணி, எத்தனை வள்ளம், எத்தனை கலியாணக் கோஷ்டி போய் வந்திருக்கும்! கீழே என்ன கிடக்கிறதென்று மேலே போகிறவருக்குத் தெரியாது. போருக்குப் போய் வந்தவரோடு ஒரே வீட்டில் இருப்பதும் அப்படித்தான்.

சரி, வீட்டுக்கு வருவோம். போர் முடிந்து அம்மப்பா வந்தபோது குடும்பம் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை. லீவில் வந்து கட்டிக்கொண்ட பெண்சாதி இருந்தா, தாய் இருந்தா, அக்காமார் இருந்தார்கள். எல்லாரும் அன்பைக் கொட்டினார்கள். எப்படிக் கொட்டினார்கள்? "இஞ்சாருங்கோ, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருங்கோ." தண்ணீர் அள்ளப் போனால் வாளியைப் பறித்தார்கள். விறகு கொத்தப் போனால் கோடரியைப் பறித்தார்கள். கை நடுங்குது, பாவம், ஆறட்டும் என்று. சபையோரே, "சும்மா கிடந்தேன்" என்பதுதான் ஒரு மனிதனின் நோய். அவனுக்கு வீட்டில் கொடுத்த மருந்து என்ன? "சும்மா இருங்கோ." இது அன்பு இல்லையென்று நான் சொல்லவில்லை. அன்புதான். ஆனால் அந்த அன்பு அவரைத் திரும்பவும் பீரங்கியடிப் பள்ளத்துக்குள் படுக்க வைத்தது.

டீச்சர் தலையை ஆட்டுகிறார். டீச்சர், இதை நானாகச் சொல்லவில்லை. உங்கள் சாட்சியாகிய எங்கள் அம்மம்மாவே சொன்னது. "வந்த புதிசில மனிசன் ஒரு கதிரைகூடச் செய்யேல்ல. மாமாவின்ர உளி எல்லாத்தையும் எடுத்து வச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாதியாக்கிப் போட்டார்." இதை அம்மம்மா சிரித்துக்கொண்டு சொல்லுவா. எனக்கு அது சிரிப்பாகப் படவில்லை.

உளி தீட்டுவதைக் கிட்ட நின்று பார்த்தவர்கள் இந்தச் சபையில் இருப்பீர்கள். கல்லில் ரெண்டு சொட்டு எண்ணெய். உளியின் சரிவு முகம் முழுக்கக் கல்லில் படிய வேண்டும். கொஞ்சம் நிமிர்த்தினால் முனை மழுங்கும், கொஞ்சம் சாய்த்தால் முனை கல்லையே தொடாது. வலது கை பிடியில், இடது கையின் ரெண்டு விரல் முனைக்கு மேலே. முன்னே தள்ளி, பின்னே இழுத்து, சரிவு ஒரு நூல் மாறாமல். பிறகு உளியைப் புரட்டி முதுகைத் தட்டையாக வைத்து ஒரு இழுப்பு, முனையில் நிற்கிற பிசிர் போவதற்கு. கடைசியில் முன்கை மயிரை வழித்துப் பார்ப்பார். மயிர் சத்தமில்லாமல் விழுந்தால் சரி. நடுங்குகிற கையால் இது ஏலாது. ஆனால் நடுங்குகிற கையால் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கலாம். பிழைத்தால் உளி கொஞ்சம் தேயும். யாரும் "ஐயோ பாவம்" என்று சொல்ல மாட்டார்கள். கல்லும் இரும்பும் கேள்வி கேட்பதில்லை, அழுவதுமில்லை. அந்தச் சலுகையை வீட்டில் யார் தருவார்?

அதற்குப் பிறகு அவர் முதலில் செய்த பொருள் என்ன? டீச்சர் "மூத்த பிள்ளைக்குத் தொட்டில்" என்றார். அதற்கும் கைதட்டினீர்கள். மன்னிக்க வேண்டும், தொட்டில் ரெண்டாவது. முதலாவது சவப்பெட்டி.

தெருக்கோடியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். அந்தி நேரத்தில் அந்த வீட்டுக் கிழவர் கண்ணை மூடிவிட்டார். விடிந்ததும் அடக்கம். வழக்கமாகப் பெட்டி செய்கிறவர் ஊரில் இல்லை. "ஓடாவியின்ர மகன் வந்திருக்கிறானாம்" என்று அரிக்கன் லாம்போடு வாசலில் வந்து நின்றார்கள். அம்மம்மா படலையடியிலேயே மறித்து, "அவருக்கு ஏலாது, கை நடுங்கும்" என்றிருக்கிறா. உள்ளேயிருந்து அம்மப்பா எழும்பி வந்து கேட்டது இவ்வளவுதான்: "ஆள் என்ன உயரம்?" அந்த இரவு மாமரப் பலகையை அறுத்து, சீவி, விடியுமுன் பெட்டியை முடித்துக் கொடுத்தார். மூடி பிசகில்லாமல் உட்கார்ந்ததாம். போரில் செத்தவர்களுக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. செத்துப்போன ஒருவருக்கு உயிரோடிருப்பவன் செய்யக்கூடிய வேலையை அன்று செய்தார். அவரைப் படுக்கையில் இருந்து எழுப்பியது பெண்சாதியும் இல்லை, பிள்ளையும் இல்லை. அன்றைக்குப் பிள்ளை பிறக்கவேயில்லை! எழுப்பியது, "உன் வேலை எங்களுக்கு வேணும்" என்று வந்து நின்ற அயல் மனிதர். குடும்பத்துக்கு அவர் எப்படி இருந்தாலும் வேணும். நல்லதுதான். ஆனால் எப்படி இருந்தாலும் வேணும் என்கிற இடத்தில் ஒருவர் அப்படியே இருந்துவிடவும் கூடும். பட்டறைக்கு வருகிறவருக்கு மூடி சரியாக உட்கார வேண்டும்.

எதிரணியின் முதற் பேச்சாளர் தம்பி இன்னொன்று சொன்னார். "மனப்பாரத்தை இறக்கி வைக்கக் குடும்பம் வேண்டும், மரத்திடம் மனம் விட்டுப் பேச முடியுமா?" நல்ல கேள்வி தம்பி. இதற்குக் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும்.

அம்மப்பா இருந்த அதே கரிசன் ஆர்ட்டிலரியில் ஒரு பகுதியை இந்து சமுத்திரத்துக் கொக்கோஸ் தீவுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே 1942 மே 8ஆம் திகதி இரவு, சில வீரர்கள் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு எதிராக எழும்பினார்கள். கலகம் அடங்கியது. ஓகஸ்ட் மாதம் மூன்று பேரை வெலிக்கடைச் சிறையில் தூக்கில் போட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் கலகக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட பொதுநலவாயப் படையினர் அந்த மூன்று பேர் மட்டுந்தான். ஒரே சட்டை போட்டவர்கள். இப்போது சொல்லுங்கள். இதைக் கேள்விப்பட்ட ஒரு வீரன், தான் யாருடைய பீரங்கிக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தோம் என்று தன்னையே கேட்டிருப்பான். அதை அவன் தாயிடம் சொல்லுவானா? கர்ப்பிணிப் பெண்சாதியிடம் சொல்லுவானா? அன்பு இருக்கிற இடத்தில்தான் தம்பி அதிகம் மறைக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் இந்தக் கதையை அறிந்ததுகூட அவர் வாயால் அல்ல. அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் செத்தவீட்டில் சொல்லித்தான். அத்தனை வருஷமும் அம்மம்மாவிடம் மூச்சு விடவில்லை. பட்டறையிலும் பேசவில்லைதான். ஆனால் பட்டறையில் பேசாமல் இருப்பது குற்றமில்லை. வீட்டில் ஒரு ஆள் பேசாமல் இருந்தால், "என்ன யோசனை? என்னில கோபமோ?" அதோடு தொடங்கும்! முன்வரிசையில் ஐயாமார் சிரிக்கிறார்கள், பாருங்கள் நடுவர் அவர்களே. பதிவு செய்துகொள்ளுங்கள்.

இது என் குடும்பக் கதை மட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். முதலாம் உலகப்போர்க் காலத்தில் இதே கேள்வியோடுதான் மேல்நாட்டு ஆசுபத்திரிகள் தடுமாறின. உடம்பு ஆறியும் ஆள் ஆறவில்லை. அப்போது தச்சும் பின்னலும் நெசவும் கொண்டுபோய்க் கட்டிலடியில் வைத்தார்கள். கையை அசைக்க, மனதைக் கட்ட. தொழில்வழிச் சிகிச்சைக்கென்று அமெரிக்காவில் 1917இல் சங்கமே அமைத்தார்கள். இன்று எங்கள் பெரிய ஆசுபத்திரிகளிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. இங்கிலாந்தில் ஊனமுற்ற வீரர்களுக்காக ரொபேர்ட்ஸ் பிரபுவின் பெயரில் பட்டறைகள் நடந்தன. விளையாட்டுப் பொருளும் தளபாடமும் செய்தார்கள். அந்த வீரர்களுக்கும் குடும்பம் இருந்தது டீச்சர். இருந்தும் பட்டறை தேவைப்பட்டது.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தச்சர் கதை பேச வந்துவிட்டு மரத்தைத் தொடாமல் போனால் அம்மப்பா கனவில் வந்து கொட்டாப்புளியால் போடுவார்.

சாவண்டலை மரம் தெரியுமா? சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கிலேய மர வியாபாரிகள் அதற்கு எங்கள் ஊரின் பெயரையே வைத்தார்கள். சென்னைக் கரையில் அலையில் இறக்கும் மசூலாப் படகுகளுக்கு இங்கிருந்து அந்தப் பலகை போனது. நேரான நார், வளைந்து கொடுக்கும், பிளக்காது. முதிரை வேறு சாதி. அழகு, ஆனால் உளியின் வாயைத் தின்னும். பாலை அதைவிடப் பாரம். இதில் எதையும் வெட்டிய கையோடு கதவாக்க ஏலாது. பலகைகளுக்கு இடையில் சட்டம் வைத்து அடுக்கி, காற்றுப் போக விட்டு, நிழலில் மாதக்கணக்கில் காய விட வேண்டும். பிறகும் மரம் தன் குணத்தைக் காட்டும். கச்சான் காற்று வீசும்போது சுருங்கும், மாரி பிடித்ததும் ஊதும். கோடையில் கதவு மாட்டினால் நிலைக்கும் கதவுக்கும் இடையில் ஒரு சதக்காசு நுழைய இடம் விடுவார். இல்லாவிட்டால் கார்த்திகையில் கதவு இறுகித் தோளால் இடித்துத் திறக்க வேண்டி வரும். இதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? விடிந்தால் உயிரோடு இருப்போமா என்று தெரியாமல் படுத்தெழும்பிய மனிதர், அடுத்த கார்த்திகைக்குக் கணக்குப் பார்த்து உளி பிடிக்கிறார். அடுத்த மாரி வரும், அப்போது இந்த வீட்டில் ஆள் இருக்கும், இந்தக் கதவைத் திறக்கும் என்று நம்புகிறார். இந்த நம்பிக்கையை "எல்லாம் சரியாகிடும், யோசிக்காதேங்கோ" என்று தடவிக் கொடுத்து உண்டாக்க முடியாது. சதக்காசு இடைவெளி வேண்டும்.

தொழில் தந்தது வெறும் கூலி என்றார் டீச்சர். கூலி எது, தொழில் எது என்று 1957 எங்களுக்குப் பிரித்துக் காட்டியது. அதுவரை அம்மப்பாவுக்கு பிரிட்டிஷ் கடற்படையின் டொக்யார்ட்டில் தச்சு வேலை. பண்டாரநாயக்கா அரசாங்கத்தின் காலத்தில், 1957 ஒக்டோபரில், கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. நாட்டுக்குப் பெருமை. ஆனால் வெள்ளைக்காரன் போனதோடு இந்த ஊரில் எத்தனையோ வீட்டு அடுப்பும் அணைந்தது. அம்மப்பாவுக்கும் கூலி போனது. தொழில் போகவில்லை. பாலையூற்றில் பட்டறை எழும்பியது அதற்குப் பிறகுதான். கிண்ணியாவில் இருந்து பாதைப் படகேறி வந்து முஸ்லிம் நாநாமார் நிலைக்கும் யன்னலுக்கும் சொல்லிவிட்டுப் போனார்கள். கந்தளாயில் இருந்து சிங்களவர் அலுமாரிக்கு வந்தார்கள். வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு மரத்தைப் பற்றியே பொழுது போகப் பேசுவார்கள். பீரங்கியடியில் நின்றவர் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அந்தப் பட்டறையில் எப்போதும் மூன்று நாலு பெடியன்கள் வேலை பழகினார்கள். இங்கே ஒரு கப்பல் ஞாபகம் வருகிறது. எங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல், திருகோணமலை. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டியது. போருக்கென்றே கட்டினார்கள். ஆனால் 1897க்குப் பிறகு அது வேறு பெயரில் பெடியன்களைப் பழக்குகிற பயிற்சிக் கப்பலாக, கிட்டத்தட்டத் தொண்ணூறு வருஷம் இருந்தது. இன்று இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் பழைய பெயரோடு மிதக்கிறது. போய்ப் பார்க்கிற வசதி உள்ளவர்கள் பாருங்கள். எனக்கு விசா கிடைக்காது.

ஏன் சொல்கிறேன்? அம்மப்பாவும் கூட நாள் செய்தது பெடியன்களைப் பழக்குகிற வேலைதான். "மோனே, அவசரப்பட்டு அடியாதே, உளியை விட்டுப் பார், அது போற இடம் தெரியும்" என்று ஒரு பெடியனுக்குச் சொல்லும்போது அந்தக் குரலில் பட்டாளத்து ஆளே இல்லை. தன் சொந்தப் பிள்ளைகளிடம் அவர் அப்படிப் பேசியதில்லை. என் அம்மாவே சொல்லுவா. "அப்பா எங்களோட கதைக்கிறது குறைவு. நாங்கள் பட்டறைக்குப் போய்ச் சீவல் பொறுக்கினால்தான் எங்களோட கதைப்பார்." குடும்பத்துக்கு அவரைக் கொடுத்ததே பட்டறைதான் என்கிறேன். அதற்கு டீச்சர் என்ன சொல்லப் போகிறார்?

இன்னொரு சாட்சி. 1990. ஆனி மாதம் சண்டை தொடங்கி ஊர் கலைந்தது. உங்களில் பலர் அந்த ஓட்டம் ஓடியவர்கள், விரிக்கத் தேவையில்லை. அம்மப்பாவுக்கு அப்போது எழுபது வயது. வள்ளத்தில் ஆளுக்கு ஒரு பொட்டலம்தான் ஏற்றலாம் என்றார்கள். அம்மம்மா என்ன செய்தா தெரியுமா? தன் கூறைச் சேலை இருந்த பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு, "உளிப்பெட்டியை ஏத்துங்கோ" என்றா. சேலையை விட்டுவிட்டு உளியை ஏற்றுகிற ஒரு பெண்ணுக்கு, தன் புருஷனை இத்தனை காலமும் தாங்கி நிற்பது எதுவென்று தெரிந்திருக்க வேண்டும். எதிரணியின் முக்கிய சாட்சி, நடுவர் அவர்களே, எங்கள் பக்கம் வாக்குப் போட்டுவிட்டா. இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் கிழவர் பெட்டிப் பலகையைப் பொறுக்கி வாங்கு செய்தார். பக்கத்து அறைக்காரர் வந்து, "ஐயா, எங்களுக்கும் ஒன்று" என்றார்கள். அடுத்த வாரம் அங்கேயும் ரெண்டு பெடியன்கள் பழக வந்துவிட்டார்கள்.

நான் அடாத்தாகப் பேசுகிறேன் என்று நடுவர் நினைக்கக்கூடாது. விட்டுக்கொடுக்கிற இடத்தில் விட்டுக்கொடுக்கிறேன். இரவு உங்களுடையது டீச்சர். நடுச்சாமத்தில் அவர் விறைத்து எழும்பும்போது கையைப் பிடித்தது அம்மம்மாதான், உளி அல்ல. சித்திரை மாதத்தில் சீனக்குடாப் பக்கம் விமானச் சத்தம் கேட்டால் சுவரோரம் ஒதுங்குகிற மனிதருக்குப் பக்கத்தில் போய்ப் பேசாமல் நின்றவவும் அவதான். இரவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பகலை எங்களிடம் தந்துவிடுங்கள். எழுபத்தைந்து வயது தாண்டியும் அவர் எழும்பி முகம் கழுவிப் பட்டறைக்கு நடந்த பகல்கள் எங்களுக்குப் போதும்.

மணி அடித்துவிட்டார்கள். ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

உலகப்போர் பழைய கதை. இந்த மண்ணில் அதற்குப் பிறகும் போர் நடந்தது. 2009க்குப் பிறகு முன்னாள் போராளிகள் பன்னிரண்டாயிரம் பேரளவில் புனர்வாழ்வு முடித்து வெளியே வந்ததாக அரசாங்கமே கணக்குச் சொன்னது. அவர்களில் மேசன் வேலை, தச்சு வேலை பழகி வந்தவர்கள் உண்டு. மூதூர்ப் பக்கம் அப்படி ஒருவர் இருக்கிறார். பேர் சொல்ல மாட்டேன், ஊரும் சரியாகச் சொல்ல மாட்டேன், ஏன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கால் இல்லை. 2004 மார்கழி 26 கடல் அவருடைய பெண்சாதியையும் ரெண்டு பிள்ளைகளையும் கொண்டுபோனது. தாய் தகப்பன் சண்டைக்குள் அகப்பட்டுச் செத்துப்போனார்கள். போன மாதம் என் வீட்டு யன்னலுக்கு அவரிடம்தான் போனேன். ஸ்டூலில் இருந்தபடி பலகையைத் தொடைக்கு அண்டக் கொடுத்துச் சீவுளி போட்டுக்கொண்டிருந்தார். சீவல் ஒரே இழையாகச் சுருண்டு விழுந்தது. "முதிரை வேணாம் அண்ணே, உங்கட பக்கம் உப்புக்காத்து, வேம்பிலயே செய்வம், பிணைச்சலுக்கு மட்டும் பித்தளை போடுங்க" என்றார். காசைப் பற்றிப் பேச முன்னம் என் யன்னலைப் பற்றிப் பேசினார்.

எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் என் மற்ற வாதங்களை எல்லாம் விடட்டும். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். குடும்பம்தான் மீட்கும் என்றால், குடும்பத்தில் ஒருவருமே மிஞ்சாத அந்த மனிதரை அந்த ஸ்டூலில் நிமிர்த்தி இருத்தியது யார்?

நன்றி, வணக்கம்.